எத்தனாலில் பவர் எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நேயர்களே. எஞ்சின் ட்யூனிங் பற்றிப் பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனால் போட்டால் பவர் ஏறுமாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்தால் ஏறுவதில்லை, அந்தக் காரணம் புரியாமல் கை வைத்தால் பிஸ்டன் உருகிவிடும் என்பதால்தான் இன்று இதைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று வந்தேன்.

அமெரிக்காவில் 2023இல் டாட்ஜ் நிறுவனம் சேலஞ்சர் டீமன் 170 என்று ஒரு காரை அறிமுகப்படுத்தியது. 6.2 லிட்டர் வி8 எஞ்சின், மேலே காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற சூப்பர்சார்ஜர். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் 900 குதிரைத்திறன் தருகிற அதே எஞ்சின், பெரும்பகுதி எத்தனாலும் மீதி பெட்ரோலுமான இ85 ஊற்றினால் 1025 தருகிறது. ஒரு நட்டு போல்ட்டைக்கூட மாற்றவில்லை, டேங்கில் இருப்பது மட்டும்தான் வேறு. கூடிய 125 குதிரைத்திறன் நம் ஊரில் ஒரு நல்ல செடான் காருடைய மொத்த எஞ்சினுக்குச் சமம்.

இதைக் கேட்டவுடன் எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி அதிகம் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் கிடைக்கும், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் இ85 ஊற்றினால் மைலேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அடிவாங்குகிறது.

சரி, அப்படியானால் பவர் எப்படி? எஞ்சினின் உண்மையான எல்லை எரிபொருள் கிடையாது, காற்றுதான். எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் எரிக்க முடியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனாலை அதிகமாகப் பீய்ச்சலாம். வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கிற வெப்பம் இரண்டிலுமே ஏறக்குறைய 3 மெகாஜூல்தான் வரும். சக்திக் கணக்கில் இரண்டும் சமம். பவர் கூடுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது: நாக்கிங்.

அதேபோலக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த எஞ்சினில் அந்தக் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏற்ற ஏற்ற சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும். ஒரு கட்டத்தில், ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய தீ அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் மீதியிருக்கிற கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அடி பிஸ்டன் ரிங் உட்காரும் இடத்தை உடைக்கும், ஹெட் கேஸ்கெட்டைக் கிழிக்கும். இதற்குப் பயந்துதான் பெட்ரோலில் ட்யூன் செய்கிறவர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறார், பூஸ்ட்டைக் குறைத்து வைக்கிறார். எஞ்சினுக்குள் பவர் இருந்தும் எடுக்க முடியாத நிலை.

எத்தனால் இந்தக் கட்டைத்தான் அவிழ்க்கிறது. நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்கிற ஆக்டேன் எண் அதற்கு 108 வாக்கில், அது ஒன்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குளிர்ச்சி. கொரோனா காலத்தில் கையில் சானிடைசர் ஊற்றினால் உள்ளங்கை சில்லென்று ஆனது ஞாபகம் இருக்கிறதா? அதே பொருள், அதே வேலை. ஒரு கிலோ எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதே காற்றுக்கு அளவும் அதிகமாக ஊற்றுகிறோம், இரண்டையும் பெருக்கினால் உள்ளே வருகிற காற்றிலிருந்து எடுக்கிற வெப்பம் சுமார் 4 மடங்கு. கலவை குளிர்ந்தால் நாக்கிங் தள்ளிப்போகும், ஸ்பார்க்கைச் சரியான நேரத்தில் விடலாம், பூஸ்ட்டையும் ஏற்றலாம். எக்ஸாஸ்ட் வெப்பமும் இறங்குவதால் டர்போவுக்கும் நிம்மதி.

இதைத் தொழிற்சாலையிலேயே அழகாகச் செய்து காட்டியவர்கள் ஸ்வீடனின் சாப் கம்பெனிக்காரர்கள். 2005இல் வந்த 9-5 பயோபவர் கார் பெட்ரோலில் 150 குதிரைத்திறன், இ85இல் 180. நாக்கிங் வருகிறதா என்று ஸ்பார்க் பிளக்கையே சென்சாராக வைத்துப் பார்க்கிற கட்டுப்பாட்டு முறை அவர்களிடம் இருந்தது. டர்போ இருந்ததால்தான் இத்தனை லாபம் என்பதைக் கவனியுங்கள். டர்போ இல்லாத, கம்ப்ரெஷன் குறைந்த, பெட்ரோலிலேயே நாக்கிங் அடிக்காத எஞ்சினில் எத்தனால் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இல்லாத கட்டை எப்படி அவிழ்ப்பது?

இப்போது செலவு. அதே காற்றுக்கு அதிகம் ஊற்ற வேண்டும் என்றேன் அல்லவா, இ85க்கு அது 30 முதல் 40 சதவீதம் வரை அதிகம். பெட்ரோலில் நிமிடத்துக்கு 500 சிசி எரிபொருளைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போதுமாக இருந்த எஞ்சினுக்கு இப்போது 650, 700 வேண்டும், அதுவும் பவரை ஏற்றாமல் இருந்தால். ஏற்றினால் இன்னும் மேலே. ஃப்யூல் பம்ப்பும் அந்த அளவு தள்ள வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் உயர் அழுத்தப் பம்ப்தான் முதலில் மூச்சு வாங்கும், அதனால்தான் அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்கள் பலர் முழு இ85க்குப் போகாமல், பெட்ரோலோடு கலந்து 30 சதவீத எத்தனாலில் நின்றுவிடுகிறார்கள். அது நல்ல முடிவு என்பேன். எத்தனால் பாதிக்கு மேல் போனபின் நாக்கிங்கைத் தாங்கும் திறன் கூடுவது மெதுவாகிவிடுகிறது, எரிபொருள் தேவை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்தது பலர் கோட்டை விடுகிற இடம். இ85 என்று பலகையில் எழுதியிருந்தாலும் உள்ளே 85 சதவீதம் இருக்காது. அமெரிக்கத் தர விதிப்படி 51 முதல் 83 சதவீதம் வரை எது இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். குளிரில் எத்தனால் ஆவியாகாது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆகவே குளிர்காலத்தில் பெட்ரோலைக் கூட்டிவிடுவார்கள். இன்னொன்று, சோளம் விளைகிற நடுமேற்கு மாநிலங்களில் இ85 தாராளம், வெளியே போனால் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்று பாதி டேங்குக்குப் பெட்ரோலை ஊற்றிவிட்டு, 80 சதவீத எத்தனாலுக்கு எழுதிய மேப்பிலேயே, அதாவது எரிபொருள், ஸ்பார்க் கணக்குகளிலேயே, முழு பூஸ்ட்டில் மிதித்தால் என்ன ஆகும்? முன்கூட்டி வைத்த ஸ்பார்க் அப்படியே இருக்கும், தாங்குகிற எரிபொருள் இருக்காது.

மறுபக்கமும் ஆபத்துதான். பெட்ரோல் மேப் உள்ள வண்டியில் இ85 ஊற்றினால் எரிபொருள் போதாமல் கலவை வற்றிவிடும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து எஞ்சினின் கணினியான இசியு கொஞ்ச தூரம் சரிக்கட்டும், அதற்கு மேல் எஞ்சின் விளக்கு எரியும், முழு ஆக்சிலரேட்டரில் அந்தச் சரிக்கட்டலும் பல வண்டிகளில் வேலை செய்யாது.

ஆகவே அளந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது. மலிவான வழி ஒரு கண்ணாடிக் குழாய். குறித்த அளவு தண்ணீர் விட்டு, மேலே எரிபொருளை விட்டு, குலுக்கி வைத்தால் எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு போய்ச் சேரும், பிரிகிற கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடலாம். நல்ல வழி, ஃப்யூல் லைனிலேயே ஃப்ளெக்ஸ் சென்சார். எத்தனால் இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்று இசியுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், இசியு அதற்கேற்ப எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூன்றையும் நகர்த்தும். இதற்குச் செலவு செய்ய யோசிக்கிறவரிடம் நான் பூஸ்ட்டைப் பற்றியே பேசமாட்டேன்.

மீட்டர் விஷயத்திலும் குழப்பம் வரும். காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுகிற வைட்பேண்ட் மீட்டர் பெட்ரோல் அளவுகோலில் இருந்தால், இ85 ஓடும்போதும் சரியான கலவைக்கு 14.7 என்றே காட்டும், உண்மை விகிதம் 9.8 வாக்கில் இருந்தாலும். சரியான கலவையை 1 என்று வைத்துக் காட்டுகிற லாம்டா அளவுக்கு மீட்டரை மாற்றிவிடுங்கள், 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் 1தான்.

பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலில் உப்பும், அதற்கென்று உள்ள ஹோஸ் போட வேண்டும். டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கை எல்லாம் கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும், ஆரம்பத்திலேயே ஒரு முறை ஃபில்டர் மாற்றுங்கள். குறைந்த தூரம் ஓடி அணைக்கிற வண்டியில் எரிபொருள் ஆயிலில் இறங்கும், ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

அப்புறம் நம் ஊர். இங்கே பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டது, பவர் ஏறுமா என்கிறார்கள். ஆக்டேன் முன்பு 91, இப்போது 95, அது நல்லதுதான். ஆனால் அந்த ஆக்டேனைப் பயன்படுத்த ஸ்பார்க்கை முன்னே நகர்த்தத் தெரிந்த இசியு வேண்டும், நாம் தினமும் ஓட்டுகிற பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு நாக் சென்சாரே கிடையாது. எத்தனாலுக்கென்றே வடிவமைத்தால் கதை வேறு, ஓசூரின் டிவிஎஸ் 2019லேயே முழு எத்தனாலில் ஓடுகிற அப்பாச்சி 200 இ100 பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பங்க்கில் கிடைக்கவில்லை என்று ரெக்டிஃபைட் ஸ்பிரிட் வாங்கிப் பெட்ரோலில் கொஞ்சம் கலக்கிற வேலையைச் செய்யாதீர்கள். அதில் சுமார் 5 சதவீதம் தண்ணீர். தண்ணீர் சேர்ந்த எத்தனால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். சட்டமும் சும்மா விடாது. கம்பெனி வடிவமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். இந்த ஆசை உள்ளவர்கள் கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ரேஸ் டிராக்குகளுக்குப் போங்கள்.

டிராக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சீசன் முடிந்து வண்டியை நிறுத்தும்போது எத்தனாலை அப்படியே உள்ளே விடாதீர்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரிக்கும். டேங்கைக் காலி செய்து, எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் கொஞ்சம் ஊற்றி, பெட்ரோல் மேப்பில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பம்ப்பும் இன்ஜெக்டரும் கழுவப்பட்ட பிறகு அணையுங்கள். நன்றி, வணக்கம்.