சத்தம் போட முடியாத பியானோக் கலைஞர்

நண்பர்களே, கொஞ்ச நேரத்தில் படம் போட்டுவிடுவார்கள், சுருக்கமாகப் பேசிவிடுகிறேன். கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'தி பியானிஸ்ட்' படத்தில் போலந்து யூதப் பியானோக் கலைஞர் விளாதிஸ்லாவ் ஷ்பில்மான் நாஜிகளிடமிருந்து பிழைத்துக்கொள்கிறார். 1946-இல் அவரே எழுதி வெளியிட்ட நினைவுகள்தான் படத்துக்கு மூலம்.

1939 செப்டம்பர் 23. போலந்துத் தலைநகர் வார்சாவில் ஜெர்மானியர்களின் குண்டுமழை. ஷ்பில்மான் போலந்து வானொலியில் இசையமைப்பாளர் சோபினின் நாக்டர்ன் ஒன்றை, அதாவது இரவின் அமைதி கொண்ட ஒரு மெல்லிய பியானோ இசையை, வாசிக்கிறார், அன்றோடு அந்த நிலையம் அடங்கிப்போகிறது. அப்புறம் கெட்டோ, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்த இடம். 1942 ஆகஸ்டில் அவர் குடும்பத்தை ட்ரெப்ளிங்கா என்ற நாஜி கொலை முகாமுக்கு ரயிலேற்றக் கொண்டுபோகிறார்கள். காத்திருக்கும் கூட்டத்துக்குள் ஒரு பையன் மிட்டாய் விற்கிறான். அப்பா எல்லோரிடமும் இருந்த காசைத் திரட்டி இருபது ஸ்லாட்டிக்கு (போலந்துப் பணம்) ஒரே ஒரு கேரமல் மிட்டாய் வாங்கி, சின்னக் கத்தியால் ஆறு துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுக்கிறார். அந்தக் கத்தியைக் கவனியுங்கள். அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது அதுதான்.

ஒரு போலீஸ்காரர் ஷ்பில்மானை மட்டும் வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறார். இதற்குப் பிறகு சினிமா வழக்கப்படி நாயகன் துப்பாக்கி தூக்க வேண்டும், இல்லையா? இவர் பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 1943-இல் கெட்டோவிலும் 1944-இல் நகரம் முழுக்கவும் கிளர்ச்சி வெடிக்கிறது, அதையும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். ஒளிந்திருக்கும் ஒரு வீட்டில் பியானோ இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டால் உயிர் போய்விடும். அதனால் கட்டைகளைத் தொடாமல் காற்றில் விரல்களை ஓட்டுகிறார், பாட்டு அவர் தலைக்குள் மட்டும் ஓடுகிறது. எனக்கு இந்தப் படமே அந்தக் காட்சிதான்.

பிறகு 1944 நவம்பரில், இடிந்த நகரத்தில் வில்ம் ஹோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய அதிகாரி அவரைக் கண்டுபிடித்து வாசிக்கச் சொல்கிறார். நிஜத்தில் ஷ்பில்மான் வாசித்தது அந்தப் பழைய நாக்டர்ன், படத்திலோ சோபினின் முதல் பாலேட் என்ற, ஆவேசமாகப் பொங்கும் நீண்ட பியானோ இசை. மாற்றியது சரி என்றே எனக்குப் படுகிறது. அத்தனை நாள் அடக்கிவைத்த கைகளுக்கு அந்த மெல்லிய நாக்டர்ன் போதாது. ஹோசன்ஃபெல்ட் ரொட்டியும் கோட்டும் கொடுத்துக் காப்பாற்றினார். அவர் 1952-இல் சோவியத் சிறையில் இறந்துபோனார். ஷ்பில்மான் 2000 வரை வாழ்ந்தார்.

இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி சிறுவயதில் கிராக்கோவ் கெட்டோவிலிருந்து தப்பியவர், அம்மாவை ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் பறிகொடுத்தவர். யாரையும் அழவைக்கக் கேமராவைக் கிட்டே கொண்டுபோகாத அந்த நிதானம் அங்கிருந்து வந்திருக்கலாம். அவர்மேல் அமெரிக்காவில் உள்ள பாலியல் வழக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்கார் வாங்கக்கூட அங்கே போகவில்லை. படம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதை நான் மழுப்ப மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து கதவைத் திறந்துவிடாதீர்கள், ஆர்கெஸ்ட்ராவோடு ஷ்பில்மான் வாசிக்கும் கச்சேரி அங்கேதான் இருக்கிறது.