காப்பு அவிழ்த்த மறுநாள்

(ஆடி மாதக் கூழ் வார்ப்பையொட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நடைபெற்ற மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தங்கைகளே, பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று காலை அம்மனுக்குப் படைத்த கூழை நாம் எல்லோரும் குடித்தோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த நம் ஆயாமார், கேழ்வரகு கிடைக்காத இந்த மண்ணில் சோளமாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்து, அதையே அம்மனின் கூழ் என்று வார்த்தார்கள். கூழ் வாங்க வந்தவரை யார் என்று அவர்கள் கேட்டதில்லை. தூக்கை நீட்டியவருக்கு ஊற்றினார்கள். அந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

ஆகஸ்டு 9 ஒவ்வோர் ஆண்டும் ஆடிக்குள்தான் வருகிறது. 1956-ஆம் ஆண்டு அந்த நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள், கறுப்பினப் பெண்களும் அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, பிரிட்டோரியாவில் அரசின் தலைமையிடமான யூனியன் கட்டடத்தை நோக்கி நடந்ததை நினைத்து, நாடு முழுவதும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். நானோ, எந்த மேடையிலும் பெயர் சொல்லப்படாத சில பெண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போதைக்கு அடிமையாகி, அதற்காகத் திருடியோ, விற்றோ, பொய்க் கையெழுத்திட்டோ சிறைக்குப் போய், இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அவர்கள். இந்நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர்தான். இவ்வளவு சிறிய தொகையினர் என்பதாலேயே அவர்களைப் பற்றிய திட்டமும் பேச்சும் கடைசியில் வைக்கப்படுகின்றன என்பது, பல ஆண்டுகளாகச் சிறைக்கு வழிபாடு நடத்தப் போய்வரும் என் எண்ணம்.

இரண்டாயிரத்தில் தொடங்கிய பத்தாண்டின் நடுப்பகுதியில் 'சுகர்ஸ்' என்ற பெயரில் ஹெராயின் கலந்த தூள் நம் சாட்ஸ்வொர்த் தெருக்களுக்கு வந்தபோது, அது பையன்களின் நோய் என்றே எல்லோரும் பேசினோம். மகன் புகைத்தால் தெருவே அறிந்தது. மகளோ மருமகளோ புகைத்தால் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் அவர்களுடைய நோய் முற்றியது.

சிறையில் நான் சந்தித்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டேன். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவள் ஆதலால், சிறுவயதில் அவளுடைய ஆயா சொல்லிக்கொடுத்த தேவாரத்தையும் கந்தர் சஷ்டி கவசத்தையும் நினைவிலிருந்து ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்திருந்தாள். விட்டுப்போன வரிகளுக்கு இடம் விட்டிருந்தாள். நான் போகும்போதெல்லாம் அந்த வெற்றிடங்களைச் சுட்டிக்காட்டி, "இங்கே என்ன வரும், ஆன்ட்டி?" என்று கேட்பாள். ஒருநாள் அவள் சொன்ன ஒன்றுதான் என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் காப்புக் கட்டியிருக்கும்போது தான் சுகர்ஸைத் தொட்டதே இல்லை என்றாள் அவள். மணிக்கட்டில் மஞ்சள் நூல், தரையில் படுக்கை, கவிச்சி இல்லாத சாப்பாடு, விடியற்காலையில் தலைக்குளியல், மாலையில் கோயில், சுற்றிலும் ஆட்கள். உடம்பு துடித்தாலும் அந்தப் பத்து நாளும் ஏதோ ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு காப்பு அவிழ்த்தார்கள், வீட்டில் கறி சமைத்தார்கள், எல்லோரும் வேலைக்குப் போனார்கள். "பதினோராம் நாள் காலையில் வீட்டில் நான் ஒருத்தியாக இருந்தேன், ஆன்ட்டி. யாரும் தேடி வரவில்லை. வியாபாரி மட்டும் வந்தான்."

நம் சமயத்தால் ஒரு பெண்ணைப் பத்து நாள் தாங்க முடியும் என்பதற்கு அவளே சாட்சி. அந்தப் பத்து நாளில் அவளைத் தாங்கியவை எவை என்று சற்று எண்ணிப் பாருங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு வேலை, உடம்புக்கு ஓர் ஒழுங்கு, எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாலு முகங்கள், தன்னைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் தலைதாழ்த்தி நிற்கும் அமைதி ஆகியவை அவை. இவற்றுள் எதையும் பதினோராம் நாளில் நிறுத்தியாக வேண்டும் என்று அம்மன் கேட்கவில்லை. நிறுத்தியவர்கள் நாம்.

பதினோராம் நாளைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. சிறையில் மாதக்கணக்கில் போதைப்பொருள் இல்லாமல் இருந்தவரின் உடம்பு, பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. மனம் மட்டும் அந்த அளவை மறப்பதில்லை. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்கு மரணம் நேரும் வாய்ப்பு அம்மாநிலத்தின் பிற மக்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. அம்மரணங்களுக்கு முதன்மையான காரணம் மிகையான போதைப்பொருளே. ஆகவே, "வந்து கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கட்டும், பிறகு கோயிலுக்கு அழைத்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிப்போடும் அந்தக் கொஞ்ச நாள்தான் அவளுடைய உயிருக்கு மிக ஆபத்தான நாள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சிலருக்கு வருத்தமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண் போதைக்குள் விழுந்தவுடன் யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று குறிகேட்டு, எலுமிச்சம்பழமும் சேவலுமாகப் பல ஆயிரம் ராண்ட் செலவழித்த குடும்பங்களை நான் அறிவேன். வீட்டுப் பணமும் போய், ஓராண்டும் போயிருக்கும். தெருவில் 'அரோஸ்டா' என்று சொல்கிறார்களே, தூள் கிடைக்காத வேளையில் வயிற்றைப் பிசையும் வலியும் வாந்தியும் எலும்புக்குள் குளிரும், அது ஹெராயினுக்குப் பழகிய உடம்பின் வேலை. அதற்கு மருத்துவர் வேண்டும். 2020 பொதுமுடக்கத்தின்போது டர்பனில் தெருவோரத்தில் வாழ்ந்தவர்களை முகாம்களில் தங்கவைத்து, மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்து அந்த வலியைத் தணித்தார்கள். ஏற்பாடு செய்தால் இந்நகரத்தில் அது நடக்கும் என்பதை அப்போது கண்டோம். மருத்துவரின் கண்காணிப்பில் அந்த மருந்தை எடுக்கும் பெண்ணிடம், "இதுவும் போதைதானே, நிறுத்து, அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு விரதம் இருக்கும் உங்கள் தாயாரிடம் அப்படிச் சொல்வீர்களா?

அறிவுரையின் எல்லையை வள்ளுவர் நமக்கு முன்பே காட்டியிருக்கிறார்.

களித்தானைக் காரணம் காட்டுதல் கீழ்நீர்க்
குளித்தானைத் தீத்துரீஇ யற்று.

போதையில் இருப்பவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது, நீருக்கு அடியில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போன்றது என்கிறார். நாம் தேடிய தேடல் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. திருமண வீட்டில், துக்க வீட்டில், கோயில் வாசலில் அவளைப் பிடித்துவைத்து நியாயம் சொன்னோம். கையிலிருந்த தீவட்டி நம் முகத்துக்குத்தான் வெளிச்சம் தந்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசவே முடியாது. இந்நாட்டுச் சட்டப்படி சிறையிலிருக்கும் தாய் தன் குழந்தையை இரண்டு வயது வரை உடன் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் குழந்தை வெளியே போகவேண்டும். மண்டேலா பதவியேற்ற 1994-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் பலருக்கு, கொடுங்குற்றம் செய்தவர் நீங்கலாக, எஞ்சிய தண்டனையை நீக்கினார். 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், மூன்று மகன்களின் தாய் ஒருத்தியின் வழக்கில், பிள்ளைகளை வளர்க்கும் ஒருவருக்குத் தண்டனை விதிக்குமுன் அப்பிள்ளைகளின் நலனை நீதிமன்றம் தனியே எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்து, அவரைச் சிறைக்கு வெளியே கண்காணிப்பில் வைத்தது. தாயின் குற்றத்துக்காகப் பிள்ளை தண்டிக்கப்படக் கூடாது என்று அரசும் நீதிமன்றமும் எண்ணிப் பார்த்திருக்கின்றன. நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உன் அம்மா மாதிரி ஆகிவிடாதே" என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறோம். தாய் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை அவளைப் பார்க்கும் பார்வையை நாம்தான் செய்து வைத்திருக்கிறோம்.

நம் பெண்கள் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விடுகிறார்கள் என்ற முறைப்பாட்டை ஒவ்வொரு கோயில் கூட்டத்திலும் கேட்கிறேன். அப்படிப் போன ஒருத்தியை நான் கேட்டேன். அவள் கோபமில்லாமல் பதில் சொன்னாள். சிறையில் இருந்தபோது மாதம் தவறாமல் பார்க்க வந்தவர்கள் சபைப் பெண்கள். வெளியே வந்த அன்று அரிசியும் பருப்பும் சோப்பும் கொண்டுவந்தவர்களும் அவர்கள். தான் பிறந்து வளர்ந்த கோயிலுக்குப் போனபோது, அன்னதான வரிசையில் நின்றவளை ஒரு பொறுப்பாளர் தனியே அழைத்து, நகை அணிந்த பெண்கள் பலர் வந்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வரலாமே என்றாராம். அந்தச் சபைப் பெண்கள் செய்ததற்கு நான் அவர்களை வணங்குகிறேன். நாம் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள்.

நமக்கு வழிகாட்ட ஆள் இல்லாமல் இல்லை. சூலை நோயோடு இரவில் திருவதிகைக்குத் திரும்பிவந்த தம்பி மருள்நீக்கியாரை, பின்னாளில் அப்பர் ஆனவரை, அக்காள் திலகவதியார் எப்படி ஏற்றார் என்று சேக்கிழார் பாடியதை நம் பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். காலில் விழுந்தவரைத் தூக்கி, ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். பொழுது புலருமுன் தாம் அன்றாடம் செய்யும் பணிக்காகத் துடைப்பத்தையும் சாணத்தையும் தண்ணீர்த் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். இத்தனை ஆண்டுகள் எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்கு அந்த அக்காள் நேரம் ஒதுக்கவில்லை. விடியற்காலை வேலைக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் கொடுத்தார். அப்பர் பிறந்தது அந்த இடத்தில்தான்.

ஒரு கோயிலில் நான் கண்டதையும் சொல்கிறேன். திரும்பிவந்த ஒரு பெண்ணுக்கு, கூழ்ப்பானை துலக்கும் வேலை கொடுத்தார்கள். அடிப்பிடித்த அந்தப் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்து அவள் தேய்ப்பதை ஆறு மாதம் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, சாமான் அறையைக் கவனித்துவந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, "நெய் டின் மேல்தட்டில் இருக்கு, எடுத்துட்டு வா கண்ணு" என்று அவள் கையில் கொடுத்தார். நெய்யோடு வந்தவள் சாவியைத் திருப்பி நீட்டியபோது, "வெச்சிரு, சாயங்காலம் தேவைப்படும்" என்றார் அந்த அம்மாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற நேரத்தை நான் மறக்கமாட்டேன். யாரும் அவளை மேடையேற்றிக் கதை சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் செய்ய நினைப்பவரை நான் கெஞ்சியாவது தடுப்பேன். ஒரு பெண்ணின் மிகக் கெட்ட நாட்களை நம் கோயிலின் பெருமைக்காகக் கேட்டு வாங்குவது தகாது.

அவள் மீண்டும் வழுக்கினால் என்ன செய்வது என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். வழுக்கலாம், பலர் ஒரு முறைக்கு மேல் வழுக்குகிறார்கள். சாவியைக் கொஞ்ச காலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பூட்டுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். துடைப்பத்தை மட்டும் வாங்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கென்று இருந்த இடம் அடுத்த செவ்வாய்க்கிழமையும் இருக்கவேண்டும்.

சோழ நாட்டில் மணிமேகலை சிறைக்குள் சென்று பசித்தவர்களுக்குச் சோறிட்டு, மன்னன் 'என்ன வேண்டும்' என்று கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரவேண்டும் என்று கேட்டாள். அவ்வளவு பெரியதை நான் இன்று கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒரு பெண் விடுதலையாகிறாள். வெளிவாசலில் நிற்க இரண்டு பேர் வேண்டும். அவளுடைய தாயார் நடக்க முடியாதவர். பழைய ஆட்கள் டாக்ஸி நிறுத்தத்தில் காத்திருப்பார்கள் என்பதால், நேரே வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு உடன் போக ஒருவர் வேண்டும். அதன்பின் பதினான்கு நாளும் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று போய்ப் பார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலருகே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பதினான்கு நாளும் வரிசையாக எழுதியிருக்கிறது. இந்த உரைக்கு முன் நான் பார்த்தபோது, பதினோராம் நாளுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை.