சைக்கிளுக்கு மோட்டார் வைத்தால் குற்றமா?

(கோவை கணபதியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, அக்கா தங்கச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கமுங்க.

எலெக்ட்ரிக் சைக்கிளை டவுன் ரோட்டில் விடலாமா, கூடாதா என்று பேசச் சொன்னார்கள். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன். விடலாம், தாராளமாக விடலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ரோட்டுக்கு வருகிற வேறு சில வண்டிகளை விடக் கூடாது. அதை விற்கிறவரைப் பிடிக்க வேண்டும், ஓட்டுகிறவரை அல்ல.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்குத் தெளிவாக இடம் இருக்கிறது. மிதிக்கும்போது உதவுகிற மோட்டார், 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் ஏற ஏற அது தன் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து, 25 கிலோமீட்டரைத் தொடும்போது நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். ஒழுங்கான பிரேக், இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ரிஃப்ளெக்டர், இரண்டும் வேண்டும். அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் இதையெல்லாம் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. ஐரோப்பிய நாடுகளிலும் இதே 250 வாட், இதே 25 கிலோமீட்டர்தான்.

250 வாட் என்றால் எவ்வளவு? ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. நம்ம வீட்டுச் சமையலறையில் சட்னி அரைக்கிற மிக்சியே 500 வாட், 750 வாட் இருக்கிறது. விதியில் இதை ‘முப்பது நிமிஷப் பவர்’ என்பார்கள். காயில் சூடேறிக் கருகாமல் அரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கிற சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்பு இருக்கிற ஆள் நிதானமாக மிதித்தால் 75 முதல் 100 வாட் வரும். ஆக இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து மிதிக்கிற பலம். அவ்வளவுதான்.

இது யாருக்கு வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஆடி மாசத்தில் கிழக்கேயிருந்து கோயமுத்தூருக்குள் சைக்கிள் மிதித்து வந்து பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காத்து, பல்லடம், உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடிகளைச் சுத்துகிற அதே காத்து, நேராக நெஞ்சில் அடிக்கும். என் கடைக்கு ஒரு அண்ணன் வந்தார். ஃபவுண்டரியில் மோல்டிங், அதாவது உலோகம் வார்க்க மண்ணில் அச்சு இடிக்கிற வேலை, ஊருக்குக் கிழக்கே நீலாம்பூர் பக்கம். வீடு பீளமேடு. “காலைல போறப்ப ஒண்ணுந் தெரியறதில்லீங்க தம்பி. சாயங்காலம் வாரப்பத்தான் காத்து மூஞ்சியிலயே அடிக்குது. முட்டி ரெண்டும் கழண்டே போயிருதுங்க” என்றார். பகல் முழுக்கக் குனிந்து மண் இடித்த முட்டி அது. அவருக்கு வண்டி வாங்க வசதியில்லை என்பதில்லை. பெட்ரோலுக்கு மாசாமாசம் போகிற காசு மகள் ஃபீஸுக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிற மனுஷன்.

அவர் கேட்டது பழைய சைக்கிளில் மாட்டுகிற கிட். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார். பெடல் அச்சில் சின்னச் சின்னக் காந்தம் பதித்த ஒரு வட்டு. மிதித்தால் வட்டு சுற்றும், பக்கத்தில் இருக்கிற சென்சார் அதைக் கவனித்து மோட்டாருக்குச் சொல்லும். பிரேக் பிடியில் ஒரு சுவிட்ச். பிடித்தவுடன் கரண்ட் நின்றுவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி. முழுக்கச் சார்ஜ் ஏற்ற ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதலாக ஆகும். அதைக் கொண்டு அந்த அண்ணன் போய்த் திரும்பிவிடலாம்.

ஆனால் சட்டப்படி இந்தக் கிட்டுக்குச் சங்கடம் இருக்கிறது. கம்பெனியில் செய்து சோதனைச் சான்றோடு வருகிற சைக்கிளுக்குத்தான் அந்த விலக்கு. லேத் பட்டறையில் மாட்டியதை யார் சோதித்தார்கள்? இதைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் இது, ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள். பம்ப்செட்டைச் சோதித்துச் சான்று தர இங்கேயே சிட்டார்க் என்கிற சோதனை மையம் இருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டி செய்கிற ஆம்பியர் கம்பெனி 2008-ல் தொடங்கியதும் கோயமுத்தூரில்தான். சைக்கிள் கிட்டை வேகம் பார்த்து, பிரேக் பார்த்து, ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிற வசதியை இங்கே வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

“லைசென்ஸ் வேண்டாம், பையனே ஓட்டலாம்” என்று போர்டு வைத்து விற்கிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கடையில் வாங்கிய ஸ்கூட்டர் என் பட்டறைக்கு வந்தது. காகிதத்தில் 25 கிலோமீட்டர், 250 வாட், அதாவது அந்த விலக்குக்குள் அடங்குகிற வண்டி. கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தேன். வேகத்தைக் கட்டிப்போடுகிற மெல்லிய வெள்ளை வயர் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. டேப்பில் தூசிகூட இல்லை, புதுசு. ஷோரூமிலேயே செய்து கொடுத்தார்களாம், இலவசமாக! அந்த வயர் போனதும் வண்டி 45-ஐத் தாண்டுகிறது. ஓட்டுவது பதினோராம் வகுப்புப் பையன்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்கு ஆகும். அந்த வண்டியின் பிரேக்கும் ஃபோர்க்கும் 25-க்காகச் செய்தவை. அப்புறம் அந்த அப்பாவின் நிலைமையைப் பாருங்கள். வயரை வெட்டிய நிமிஷமே விலக்கு போய்விட்டது. அது மோட்டார் வாகனம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருத்தர் மேல் மோதினால் நஷ்டஈடு முழுக்க வீட்டிலிருந்து போகும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். போர்டை நம்பி வாங்கிய மனுஷனுக்கு இந்த விவரத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

அதே திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. விதிக்குப் புறம்பாக மோட்டார் வாகனத்தை விற்கிற, மாற்றிக் கொடுக்கிற டீலருக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நான் கேட்பதெல்லாம் இதைத்தான் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பது. கடையில் நிற்கிற வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முறுக்கிப் பார்த்தால் வேகம் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு, சிக்னலில் ஃபவுண்டரி அண்ணனை ஓரங்கட்டி “ஆர்.சி. எங்கே?” என்று கேட்பதில் என்ன நியாயம்?

நியூயார்க்கில் இதைச் செய்து பார்த்தார்கள். சாப்பாடு கொண்டுபோகிற டெலிவரிக்காரர்களின் எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு 500 டாலர் வரை அபராதம் போட்டார்கள். சைக்கிள் குறையவில்லை, ஏழைகள்தான் அவதிப்பட்டார்கள். 2020-ல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மலிவு பேட்டரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் அந்த நகரத்தில் 18 பேர் செத்துப்போனார்கள். அதே வருஷம், தரச்சான்று இல்லாத சைக்கிளையும் பேட்டரியையும் விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. நம்ம ஊரில் படுக்கிற அறையிலேயே சார்ஜ் போடுகிற லைன் வீடுகள் எத்தனை இருக்கின்றன! பேட்டரி விஷயத்தில் நாம் சாவு விழுகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்க.

நடைபாதையில் ஏறுவார்கள், எதிர்ப்பக்கம் வருவார்கள் என்று ஒரு நண்பர் காலையில் போனில் சொன்னார். ஏறினால் பிடியுங்கள். புல்லட்டும் ஏறுகிறது, அதற்காகப் புல்லட்டைத் தடை செய்யவில்லை.

ரோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இடது ஓரம்தான் இடம். சத்தி ரோட்டில் அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? மண், சாக்கடை மூடி, நிறுத்தி வைத்த கார், ஷேர் ஆட்டோ. சைக்கிள்காரர் காரைச் சுற்றி வலப்பக்கம் வருகிற அந்த ஒரு நொடியில்தான் பின்னால் பஸ் வருகிறது. மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவது அங்கேதான். தனிப்பாதை கட்டுகிற வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஓரத்து மண்ணை வாரட்டும், மூடிகளை ரோட்டு மட்டத்துக்குக் கொண்டு வரட்டும், காலையும் மாலையும் ஷிஃப்ட் நேரத்தில் அந்த ஓரத்தில் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மாநகராட்சிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் கொடுக்க இரண்டு மனு எழுதியிருக்கிறோம். ஒன்று ரோட்டோரத்துக்கு, இன்னொன்று கடைகளில் வண்டியைச் சோதிக்கச் சொல்லி. கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஒன்பது மணி வரை அங்கேயே இருப்பேனுங்க.