காத்திருப்புக்குக் கூலி

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, ஆட்டப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உள்ளூர்க் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மாநில அணிக்கு ஆடிய பெருமை எனக்கு இல்லை. சென்னையின் உள்ளூர் லீகில் கீழ் டிவிஷன்களில் ஒரு சங்கத்துக்காகப் பல ஆண்டுகள் ஆடி, பிறகு அதே சங்கத்தின் செயலாளராக வரவு செலவு எழுதிக்கொண்டிருப்பவன் நான். ஆகவே மேலிருந்து கீழே பார்த்துப் பேசுவது எனக்குக் கைவராது. கீழிருந்து அண்ணாந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

மாநில அணிகள் பல நாள் ஆட்டங்களில் மோதும் ரஞ்சிக் கோப்பையில், 2025 ஜனவரி கடைசியில் டெல்லியில் நடந்த ஓர் ஆட்டத்தை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு விராட் கோலி டெல்லி அணிக்காக ரயில்வே அணியை எதிர்த்து ஆட வந்தார். வழக்கமாக ஆள் அரவமில்லாமல் கிடக்கும் அரங்கின் வாயிலில் விடியற்காலையிலிருந்தே வரிசை நின்றது. உள்ளே ஆயிரக்கணக்கானோர் நிறைந்தார்கள். அவர் ஆறு ரன்னில் ஹிமான்ஷு சங்வானின் பந்தில் ஸ்டம்பு பறக்க ஆட்டமிழந்ததும் கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது. மக்கள் தாங்கள் விரும்பியவரைப் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்தப் பந்தை வீசியவரின் சட்டையில் இருந்த பெயர்தான் உறைத்தது. ரயில்வே. ரஞ்சிக் கோப்பையில் ஆடும் 38 அணிகளில் ரயில்வே, முப்படையினரின் சர்வீசஸ் ஆகிய இரண்டில் மட்டும்தான் வேலையில் இருப்பவர்களே ஆட முடியும். விக்கெட் விழுந்தாலும் விழாவிட்டாலும் மாதம் பிறந்தால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

அந்த ஏற்பாடு ஒரு காலத்தில் சென்னை முழுவதும் இருந்தது. வங்கிகள், ரயில் பெட்டித் தொழிற்சாலை, சிமெண்ட் நிறுவனம், பிஸ்டன் செய்யும் நிறுவனம், உரத் தொழிற்சாலை என்று எங்கு பார்த்தாலும் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. காலையில் வலைப்பயிற்சி முடித்து, பத்தரை மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, ஆட்டம் உள்ள நாட்களில் சிறப்பு விடுப்பில் போய் வந்த ஒரு தலைமுறையே இருந்தது. அந்த எழுத்தர் வேலை பெரிய வேலையல்ல. ஆனால் பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை, மாநில அணிக்கு அழைப்பு வருமா வராதா என்று தெரியாமல் ஒருவன் கழிக்கிற ஏழு ஆண்டுகளுக்கு அது சோறு போட்டது. பெண் கொடுப்பவர்களும் மறுக்கவில்லை. உள்ளூர்க் கிரிக்கெட் என்பது பெரும்பாலும் காத்திருப்பு; அந்தக் காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது என்ற ஒரே கேள்வியைத்தான் இன்று நான் பல பக்கமிருந்தும் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் சுருங்கின. ஜாலி ரோவர்ஸ் போலப் பல்லாண்டுகளாக ஒரே நிறுவனம் தாங்கி நிற்கும் சங்கங்கள் இன்றும் முதல் டிவிஷனில் உண்டு. அவற்றைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் இன்றைக்கு ஒரு பையனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பருவத்துக்கான தொகைதான். அடுத்த பருவம் முழங்கால் வீங்கினால் அதுவும் இல்லை.

இப்போது மாநில அணிக்கு வருவோம். ரஞ்சி வீரர்கள் செழிப்பாக இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2021-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தை உயர்த்தியது உண்மை, வரவேற்க வேண்டியதும்கூட. இருபது ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், நாற்பதுக்கு மேல் ஆடியவருக்கு 60,000 ரூபாய் என்று வைத்தார்கள். லீக் சுற்றில் ஏழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு நாள் என்று கணக்கிட்டால் 28 நாட்கள். புதியவருக்கு ஏறத்தாழ பதினொன்றே கால் லட்சம், மூத்தவருக்குப் பதினாறே முக்கால் லட்சம். நல்ல தொகைதானே என்பீர்கள். ஏழு ஆட்டத்திலும் பதினொருவரில் ஒருவராக இருந்தால் நல்ல தொகைதான். வெளியே உட்கார்ந்தால் பாதி. பதினைந்து பேர் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. பட்டியலில் இடம்பெறக்கூடிய பதினாறாவது ஆள் முதல் முப்பதாவது ஆள் வரை இருக்கிறார்களே, அவர்கள் அனைவரும் அதே உடற்பயிற்சி செய்கிறார்கள், அதே உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள், அதே முகாமுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன? 2020-21 பருவத்தில் பெருந்தொற்றால் ரஞ்சிக் கோப்பையே நடக்கவில்லை. 1934-35இல் தொடங்கிய போட்டி, உலகப் போர் நடந்தபோதும் நிற்காத போட்டி, முதன்முறையாக நின்றது. முந்தைய பருவத்தில் ஆடியவர்களுக்கு இழப்பீடாகப் பாதி ஊதியம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுதான் முதல்முறையாக ஆடவிருந்த பையனை எந்தப் பட்டியலில் தேடுவது?

ஐபிஎல் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு. மாநில அணிக்குப் பதினைந்து பேர் என்றாலும் 38 அணிகளில் 570 பேர். ஐபிஎல்லில் பத்து அணிகள். ஓர் அணியில் 25 பேருக்கு மேல் இருக்க முடியாது. அதில் எட்டுப் பேர் வரை வெளிநாட்டவர். ஆகவே ரஞ்சி ஆடும் பெரும்பாலோருக்கு ஏலம் என்பது தொலைக்காட்சியில் பார்க்கிற ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான். விரல் வித்தையால் சுழற்பந்து வீசும் நம் வருண் சக்கரவர்த்தி நான்காம் டிவிஷன் லீகிலும் பிறகு தமிழ்நாட்டின் இருபது ஓவர் போட்டியான டிஎன்பிஎல்லிலும் பந்து வீசி, 2018 டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த ஒரு ஏலத்துக்குப் பிறகு எங்கள் வலைப்பயிற்சிக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் விரல் நுனியில் ஏதோ மாயம் செய்யத் தொடங்கினார்கள். ஓர் ஓவரில் நான்கு விதம் போடுவான்; ஒரே இடத்தில் ஆறு பந்து போடச் சொன்னால் மூன்றாவது பந்திலேயே கை வலிக்கும். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால் அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நான்கு நாள் ஆட்டத்துக்கான பொறுமையை வளர்க்க ஐந்து ஆண்டு வேண்டும். அந்த ஐந்து ஆண்டுக்குக் கூலி இல்லை. நான்கு ஓவருக்குத்தான் கூலி என்றால் கெட்டிக்காரப் பையன் எதைக் கற்பான்?

இதன் விளைவு நம் மாநிலத்தின் கோப்பை அலமாரியில் தெரிகிறது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் நடந்தது, ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, மைசூரை ஒரே நாளில் சென்னை அணி முடித்துவிட்டது. அப்படித் தொடங்கிய நாம் அந்தக் கோப்பையை வென்றது இரண்டே முறை, 1954-55இலும் 1987-88இலும். அந்த இரண்டாவது முறை வாசுதேவன் தலைமையில் ரயில்வேயைச் சேப்பாக்கத்தில் வீழ்த்தியபோது பிறந்த குழந்தைக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. ஒருநாள் ஆட்டத்தின் விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை தொட்டிருக்கிறோம். இருபது ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து வென்றிருக்கிறோம், இரண்டாவதைக் கடைசிப் பந்து சிக்ஸரில். திறமை வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய காலம் பொற்காலம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம் இதே சேப்பாக்கத்தில் நடந்தது. நம் சுழற்பந்து வீச்சாளர்கள் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டிக் கொடுத்தார்கள். நாம் 80க்கும் 61க்கும் சுருண்டோம். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே கதை முடிந்தது. பதின்மூன்று விக்கெட் எடுத்த பம்பாயின் பத்மாகர் சிவால்கர் கடைசி வரை இந்தியாவுக்கு ஆடவில்லை. நம் வாசுதேவனும் ஆடவில்லை. நம் பத்ரிநாத் ரஞ்சி போன்ற முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்துக்கும் மேல் ரன் குவித்து இரண்டே டெஸ்ட் ஆடினார். காத்திருந்தும் கிடைக்காமல் போவது அன்றும் உண்டு. ஆனால் அன்று காத்திருந்தவனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நாற்காலியும் மேசையும் இருந்தன.

2024-25 பருவத்திலிருந்து ரஞ்சியை இரண்டாகப் பிளந்து, ஐந்து ஆட்டம் முன்பும், இருபது ஓவர், ஐம்பது ஓவர் போட்டிகள் முடிந்த பிறகு மிச்சமும் நடத்துகிறார்கள். வட இந்தியப் பனிமூட்டத்தைத் தவிர்க்க இது உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவப்புப் பந்தில் பல நாள் ஆட்டம் மட்டும் ஆடுகிறவன் நடுவில் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய காத்திருப்புக்கு நடுவில் இன்னொரு காத்திருப்பு.

சரி, என் இடத்துக்கு வருகிறேன்.

கீழ் டிவிஷன் சங்கம் ஒன்றை நடத்துவது கூட்டுக் குடும்பத்துக்குச் சமைப்பது போன்றது. பந்து வாங்க வேண்டும். மைதானத்துக்கு வாடகை, வேனுக்கு டீசல், பதினான்கு பேருக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும். ஆடுகளத்தின் மேல் விரிக்கிற பாயான மேட் நைந்துபோனால் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் பந்து பட்டு எகிறினால் எதிரணியிடம் வசவும் வாங்க வேண்டும். நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டை இருபதாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது. எங்கள் அணியில் நல்ல மட்டை இரண்டுதான், ஆட்டமிழந்து திரும்புகிறவன் வழியிலேயே அடுத்தவனிடம் மாற்றிக் கொடுத்த நாட்கள் உண்டு. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பழைய ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சட்டைப் பையிலிருந்து வருகிறது. என் மனைவி இந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே தொகையைச் சொல்ல மாட்டேன்.

பருவம் முடிந்ததும் மேல் டிவிஷன் சங்கங்கள் எங்கள் பையன்களில் சிறந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளும். போக வேண்டியதுதான், நாங்களே தட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். கால்பந்தில் இளம் வீரர் ஒருவர் பெரிய சங்கத்துக்குப் போனால் அவரை வளர்த்த சங்கங்களுக்குப் பயிற்சிக்கான ஈட்டுத்தொகை போய்ச் சேர வேண்டும் என்று உலகக் கால்பந்து அமைப்பே விதி வைத்திருக்கிறது. இங்கே ஐபிஎல்லில் ஆடும் வெளிநாட்டு வீரருக்காக அவருடைய நாட்டு வாரியத்துக்கு ஒரு பங்கு போகிறது. ஆனால் தயிர்சாதம் போட்ட சங்கத்துக்கு எதுவும் வருவதில்லை. ஒரு மேட், இரண்டு டஜன் பந்து, இதற்கு மேல் நாங்கள் கேட்கப் போவதுமில்லை.

மைதானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பள்ளி, கல்லூரி மைதானங்களை நம்பித்தான் லீக் நடக்கிறது. அங்கே ஒரு புதிய கட்டடம் எழுந்தால் மைதானத்தின் மிட்விக்கெட் பக்கமே போய்விடுகிறது. வாரக் கடைசியில் ஐடி நிறுவன அணிகள் கூடுதல் வாடகை கொடுக்கத் தயாராக இருக்கும்போது எங்களுக்கு மைதானம் கிடைப்பது இன்னும் கடினம்.

சென்னைக்கு வெளியே இதுவும் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில், மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பழகிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், இருபது வயதளவில் சென்னைக்கு வந்த பிறகுதான் முறையான லீக் கிரிக்கெட்டைப் பார்த்தார். 2015இல் ரஞ்சி ஆடியதும் பந்துவீச்சு முறையில் ஐயம் எழுந்து, கையைத் திருத்திக்கொண்டு மீண்டு வர நாளானது. நெசவும் கூலி வேலையும் பார்த்த குடும்பத்துப் பிள்ளை அந்த இடைவெளியைத் தாண்டியது அவருடைய உறுதியாலும், தோள் கொடுத்தவர்களாலும். தாண்டாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பிறகு அவர் தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியும் கொஞ்சம் வெட்கமும் வருகின்றன. 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல் மாவட்டத்துப் பையன்களுக்கு ஒரு சன்னலைத் திறந்தது. ஆனால் சில வாரங்கள் மட்டும் திறக்கிற சன்னல் அது.

வேறு மாநிலங்களின் பாடு இன்னொரு விதம். 2018-19இல் வடகிழக்கு மாநிலங்களும் பீகாரும் உத்தரகண்டும் புதுச்சேரியுமாக ஒன்பது அணிகள் ஒரே ஆண்டில் சேர்ந்தன. 2022 நவம்பரில் நம் ஜெகதீசன் 277 ரன் அடிக்க, ஐம்பது ஓவரில் 506 எடுத்து அருணாச்சலப் பிரதேசத்தை 435 ரன் வித்தியாசத்தில் வென்றோம். உலக சாதனை என்று கொண்டாடினோம். எதிரில் நின்ற பையன்களின் ஊரில் எத்தனை புல்தரை (டர்ஃப்) ஆடுகளம் இருந்தது என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. பெண்களின் ஆட்டம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்ததே 2006இல்தான். உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்த பெண் சென்னையின் திருஷ் காமினி, 2013இல். என் சங்கத்துக்கு ஒரு பெண் அணி வேண்டும் என்று மூன்று தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். பதினொருவர் சேரும் வரை அவர்கள் பையன்களோடு வலையில் ஆடுகிறார்கள்.

என் யோசனை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மாநிலத்திலும் உத்தேசப் பட்டியலில் இருக்கும் முப்பது பேருக்கு, ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் நிலையான ஒப்பந்தம். 38 மாநில அணிகள், 1,140 பேர், 114 கோடி ரூபாய். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்கு 9,678 கோடி. 114 கோடி அதில் நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. அணி உரிமையாளர்களின் பங்கு போக எஞ்சுவதிலிருந்து எடுத்தாலும் வாரியத்துக்கு அது சுமையாகாது. நட்சத்திர வீரர்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடியே தீர வேண்டும் என்று அண்மைக் காலமாக வாரியம் கண்டிப்புக் காட்டுகிறது. நல்லது. அதே கண்டிப்பை உள்ளூர்ப் போட்டிகளில் மட்டுமே ஆடுகிறவர்களின் பக்கமும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு லீக் ஆட்டம். காலை ஆறரை மணிக்கு மேட் விரித்து ஆணி அடிக்க நான்கு பேர் வேண்டும், இரண்டு பேர்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்வரிசைத் தம்பிகள், தங்கைகள் யாராவது வர முடியுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சுத்தியல் நான் கொண்டு வருகிறேன். வணக்கம்.