எக்ஸிட்டர் சாலையில் திரும்பிய வண்டி

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக நீராவி இயந்திரம் பற்றிப் பாடம் எடுத்து வருகிறவன் நான். பாடப்புத்தகத்தில் ஜேம்ஸ் வாட் இருப்பார், அவரை அடுத்து ரயில் என்ஜின் செய்த ஸ்டீபன்சன் வந்துவிடுவார். நடுவே விடுபட்டுப்போன ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பெயர் வில்லியம் மர்டாக்.

1754இல் அயர்ஷயர் பகுதியில் லூகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா மாவாலைகளுக்குச் சக்கரமும் பொறியும் செய்கிற தச்சர். மகனுக்கும் அதே கைவேலை. 1777இல், 23 வயதில், வாட்டும் போல்டனும் நடத்திய தொழிற்சாலையில் வேலை கேட்டு பர்மிங்ஹாமுக்கு நடந்தே போனார் என்பார்கள். 300 மைலுக்கு மேல்! போல்டனுக்கு முன்னால் நின்றபோது கூச்சத்தில் கையில் இருந்த தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தாராம். அது கீழே விழுந்து 'டொக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. மரத்தொப்பி! அதுவும் நீள்வட்ட வடிவம். நானே கடைசல் பிடித்தேன் என்றாராம். வட்டமாகக் கடைவது யாருக்கும் வரும். நீள்வட்டமாகக் கடைய கடைசல் எந்திரத்தையே வேறு மாதிரி அமைத்திருக்க வேண்டும். போல்டனுக்கு அது புரிந்தது. வேலை கிடைத்தது.

இரண்டு வருஷத்தில் அவரை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலுக்கு அனுப்பினார்கள். தகரச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்கும் வாட் இயந்திரங்களை நிறுவுவது, பழுது பார்ப்பது, வேறு யாராவது திருட்டுத்தனமாக அதே போல் செய்கிறார்களா என்று கண்காணிப்பது, எல்லாம் இவர் தலையில்தான். ரெட்ரூத் ஊரில் வீடு. பகல் முழுக்கச் சுரங்கத்தில் கழிந்தது. சொந்த வேலைக்கு ராத்திரிதான் மிச்சம். அந்த ராத்திரிகளில், 1784 வாக்கில், சின்னதாக ஒரு வண்டி செய்தார்.

மூன்று சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. செம்புக் கொதிகலன், அதற்கடியில் ஸ்பிரிட் விளக்கு. சிலிண்டரின் குறுக்களவு முக்கால் அங்குலம்தான். பிஸ்டன் 2 அங்குலம் ஏறி இறங்கும். பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த யோசனை பொம்மை அல்ல. வாட்டின் இயந்திரத்தில் நீராவியின் அழுத்தம் மிகக் குறைவு. நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்கி, அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் வேலை வாங்கினார்கள். குளிரவைக்கத் தனிக் கலனும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். அதையெல்லாம் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்து ஓட்ட முடியுமா? மர்டாக் நீராவியை நல்ல அழுத்தத்தில் ஏற்றி, பிஸ்டனைத் தள்ளவிட்டு, அப்படியே வெளிக்காற்றில் விட்டுவிட்டார். பின்னாளில் ஓடிய ரயில் என்ஜின்கள் எல்லாம் இந்த வழியில் போனவைதான்.

1786ஆம் ஆண்டு செப்டம்பரில் எக்ஸிட்டர் நகருக்கு அருகே, கார்ன்வால் நோக்கி வந்த போல்டன் எதிரே வந்த கோச்சு வண்டியில் மர்டாக்கைப் பார்த்துவிட்டார். கேட்டதற்கு, ஆள் சேர்க்க லண்டன் போகிறேன் என்றார் மர்டாக். பேச்சுக் கொடுத்ததும் உண்மை வெளியே வந்தது. தன் நீராவி வண்டியை லண்டனில் காட்டிக் காப்புரிமை வாங்கக் கிளம்பியிருக்கிறார்! போல்டன் விடவில்லை. பேசிப் பேசி, மறுநாள் வண்டியிலேயே ஊர் திரும்பச் சம்மதிக்க வைத்துவிட்டார். இதையெல்லாம் வாட்டுக்குக் கடிதமாகவும் எழுதினார். கார்ன்வால் திரும்பியதும் ட்ரூரோ ஊரில் ஒரு பெரிய கூடத்தில் அந்த வண்டி ஒன்றிரண்டு மைல் தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி ஓடியதாம். கணப்பு அடுப்பின் கரிக்கரண்டி, தணல் கிளறும் கம்பி, இடுக்கி மூன்றையும் முதுகில் சுமந்துகொண்டு.

வாட்டுக்கும் இந்த வண்டியில் விருப்பம் இல்லை. ஏன்? அழுத்தம் கூடினால் கொதிகலன் வெடிக்கும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அன்றைய தகடுகளையும் ஆணிகளையும் நினைத்தால் அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1784இல் தாம் வாங்கிய காப்புரிமையில் நீராவி வண்டியையும் சேர்த்துக்கொண்டு, அதைச் செய்தும் பார்க்காமல், செய்தவரையும் கையில் இருக்கும் வேலையைப் பார்க்கட்டும், நிழலைத் துரத்துவதை மற்றவர்களுக்கு விட்டுவிடட்டும் என்று எழுதினாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மர்டாக் சும்மா இருக்கவில்லை. 1792இல் நிலக்கரியை மூடிய கலத்தில் சூடாக்கி, வந்த வாயுவைக் குழாயில் கொண்டுவந்து ரெட்ரூத் வீட்டில் விளக்கேற்றினார். அதற்கு 1808இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. காப்புரிமை மட்டும் அதற்கும் இல்லை.

வாட்டின் மூல காப்புரிமை 1800இல் காலாவதியானது. அடுத்த வருஷமே கார்ன்வாலில், ரெட்ரூத்துக்குப் பக்கத்து ஊரான கேம்போர்னில், ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பொறியாளர் உயர் அழுத்த நீராவி வண்டியைச் சாலையில் ஓட்டினார். 1804இல் வேல்ஸில் தண்டவாளத்தின் மேல் 10 டன் இரும்பை இழுத்துக் காட்டினார். மர்டாக் அப்போது பர்மிங்ஹாமில் விளக்கு வேலையில் இருந்தார். 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறந்தபோது அவருக்கு 76 வயது. 1839இல் காலமானார். ஹேண்ட்ஸ்வொர்த் தேவாலயத்தில் வாட், போல்டன் இருவரும் அடங்கிய அதே இடத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

வகுப்பில் வாட்டை முடித்து ஸ்டீபன்சனுக்குப் போகும் முன் ஒரு பத்து நிமிஷம் நிறுத்துவேன். பலகையில் மூன்று சக்கரம் வரைந்து, அதன் மேல் ஒரு கரண்டி, ஒரு கம்பி, ஓர் இடுக்கி வரைவேன். இது என்ன சார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லத் தொடங்குவேன்.

வணக்கம்.