ஆழாக்கும் மூன்று விசிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சமையல் புத்தகங்கள் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள். காரணம் இருக்கிறது. எனக்கு வெந்நீர் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் 200-க்கு மேல் சமையல் புத்தகங்கள் இருக்கின்றன.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் லிட்டர் அளவைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைக்கிற உத்தியோகம். அப்படி ஒரு நாள் பாளையங்கோட்டையில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். தராசுத் தட்டில் ஒரு கட்டுப் புத்தகம் இருந்தது. "ஒரு நிமிசம் சார், இதை இறக்கிருதேன்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. இறக்கும்போது மேலே இருந்த அட்டையில்லாத புத்தகம் நழுவி விழுந்து திறந்துகொண்டது. குனிந்து எடுத்தேன். துவரம்பருப்பு அரை ஆழாக்கு, புளி ஒரு பலம் என்று போட்டிருந்தது. எந்த அளவுகளை ஒழிப்பதற்காக எங்கள் துறை அலைந்ததோ, அத்தனையும் அந்தப் பக்கத்தில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. எடை போட்டு, எடைக்கு உரிய காசைக் கொடுத்து வாங்கி வந்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

அதுதான் முதல் புத்தகம். ருசியைத் தேடி நான் இதற்குள் வரவில்லை, அளவைத் தேடி வந்தேன்.

மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. அதற்கு முன்னால் பலம், வீசை. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை. எடையில் பெரிய குழப்பமில்லை. முகத்தலில், அதாவது படியாலும் ஆழாக்காலும் அளப்பதில்தான் தகராறு. 8 ஆழாக்கு ஒரு படி, சரி, எந்த ஊர்ப் படி? ஆழாக்கை 168 மில்லி என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு, 200 மில்லி என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அரிசியையும் தண்ணீரையும் ஒரே ஆழாக்கால் அளந்தால் பிழைத்தீர்கள். ஆழாக்கில் அரிசியை அளந்துவிட்டு உப்பைக் கிராமில் போட்டால் மாட்டினீர்கள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. கிராம் கடைக்கு வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்த காலம். அதன் பழைய பதிப்பு ஒன்றையும் பின்னால் வந்த பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. குழம்பு அதே குழம்புதான், அளவுகள் மட்டும் உடை மாற்றிக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை வாங்குவானேன் என்பார்கள். எனக்கு அவை இரண்டு புத்தகங்கள்.

அப்புறம் குக்கர் வந்தது. குக்கரோடு இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகங்கள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. விசில் வந்தபின் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் வை என்று நிமிடக் கணக்கில்தான் அவற்றில் எழுதியிருக்கும். நம் வீடுகளில் யார் நிமிடம் பார்த்தார்கள்? மூன்று விசில் விட்டால் பருப்பு, அவ்வளவுதான். விசில் என்பது அடுப்பின் தீயைப் பொறுத்து, குக்கரின் அளவைப் பொறுத்து மாறுகிற சமாச்சாரம். உலகத்தில் எந்த ஆய்வாளரும் அதற்கு முத்திரை வைக்க முடியாது. ஆனாலும் பருப்பு வெந்துவிடுகிறது.

சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டி அட்டைப் புத்தகம் எப்படியும் எங்காவது கிடைக்கும். பத்திரிகையோடு இணைப்பாக வந்த '30 வகை பொடி', '30 வகை துவையல்' போன்றவைதான் கிடைக்காது. சும்மா வந்ததை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.

கையெழுத்து நோட்டுகள் இன்னொரு உலகம். ஆச்சி எழுதிவைத்த நோட்டு ஒன்று மதினி வீட்டுப் பரணிலிருந்து எனக்கு வந்தது. அதில் 'காலணாவுக்குக் கொத்தமல்லி' என்று ஓர் அளவு! அணா போனது 1957-இல். கொத்தமல்லி விலை அதற்கப்புறம் எங்கெங்கோ போய்விட்டது. அந்தக் கட்டு எவ்வளவு பெரிது என்று இனி யாரைக் கேட்பது? பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் கொட்டைப்பாக்கு அளவு, புளி எலுமிச்சங்காய் அளவு. எடைக்கல்லாக வாழ்ந்த எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எந்த ஊர் எலுமிச்சை? புளியங்குடிச் சந்தையில் போய் நின்று பாருங்கள், கோலிக்குண்டிலிருந்து கைப்பிடி கொள்ளாததுவரை குவிந்து கிடக்கும்.

சொதிக்கு வருகிறேன். புதிதாக எந்தப் புத்தகம் வந்தாலும் நான் முதலில் தேடுவது சொதியைத்தான். திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி. என் அலமாரியில் உள்ள பழைய அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பட்டணத்தில் அச்சான புத்தகங்கள், மோர்க்குழம்போடு நிறுத்திக்கொண்டன. யாழ்ப்பாணச் சமையல் புத்தகம் ஒன்றில் சொதி என்று பார்த்ததும் துள்ளினேன். அது வேறு, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற நீர்த்த சொதி. பேர் ஒன்று, ஆள் வேறு.

நம்முடையதில் பாசிப்பருப்பு உண்டு, புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. தேங்காயை மூன்று தடவை பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மற்ற காய்களும் வேகும். வெந்த பருப்பு, இரண்டாம் பால், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது. கெட்டியான முதல் பால் கடைசியில். ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரண்டு எண்ணெய் தனியே நின்றுவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான்.

ஒரு புத்தகத்தில் 'பெரிய தேங்காய் 2' என்கிறார்கள், இன்னொன்றில் 'தேங்காய்ப்பால் 3 கிண்ணம்'. மூன்றாவது ஒன்றில் எலுமிச்சம்பழத்தை எப்போது பிழிவது என்றே சொல்லவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: "அடுப்பில் இருக்கையில் பிழியாதே. திரிந்துவிட்டது." யார் வீட்டு மாப்பிள்ளை அன்றைக்குத் திரிந்த சொதியைச் சாப்பிட்டாரோ! அந்தப் பென்சில் எழுத்துதான் என் கணக்கில் முத்திரை. அது இருக்கிற புத்தகத்துக்கு நான் பேரம் பேசுவதில்லை.

பாதுகாப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காய்ந்த வேப்பிலை, வசம்பு, மாதம் ஒரு தரம் தட்டித் துடைப்பது. எண்ணெய் பட்ட பக்கத்தைப் பூச்சி விரும்பி வரும்; அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராமபாணப் பூச்சி துளைத்த இடத்தில் ஒரு முறை ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு என்பதே போய்விட்டது.

போன மாதம் ஒரு சந்தேகம். ஆச்சி நோட்டில் வருகிற ஆழாக்கு எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மனைவி அரிசிப் பானைக்குள் கையை விட்டு, கறுத்துப்போன ஒரு பித்தளை ஆழாக்கை எடுத்து நீட்டினாள். ஆச்சி கொடுத்ததாம். கல்யாணமான நாளிலிருந்து அதில்தான் அளக்கிறாளாம். முப்பது வருஷம் ஊரெல்லாம் பழைய படிகளைப் பறிமுதல் செய்தவன் வீட்டில், முத்திரையில்லாத ஆழாக்கில் அளந்த சோறு! வியாபாரத்துக்குத்தான் சட்டம், வீட்டுச் சமையலுக்கு இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்க அதை வாங்கப் போனேன்.

"முதல்ல உலை வைக்கட்டும், நேரமாச்சு" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வணக்கம்.