டிஆர்எம் சிற்றலை: விளக்கு பச்சையாகிறது, சத்தம் மட்டும் வரவில்லை

சரி, அடுத்த கேள்வி டிஆர்எம், அதாவது சிற்றலையில் டிஜிட்டலாக வரும் வானொலி பற்றி, உசிலம்பட்டித் தம்பி ஒருவருடையது. "அண்ணே, லேப்டாப்பில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள் ரிசீவர் வாங்கி, மொட்டைமாடியில் வயர் கட்டி, டிஆர்எம்மைப் பிரிக்கும் ட்ரீம் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு ராத்திரியில் டிஆர்எம் தேடுகிறேன். சிக்னல் தெரிகிறது, பேச்சு வரவில்லை. விலை கூடிய ரிசீவர் வாங்கணுமா?"

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு காசைக் கையிலேயே வைத்திருங்கள். முதலில் ட்ரீம் திரையில் எஃப்ஏசி, எஸ்டிசி, எம்எஸ்சி என்று மூன்று விளக்கு இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். எஃப்ஏசி கொஞ்சம் மோசமான சிக்னலிலும் பச்சையாகிவிடும், எஸ்டிசி வந்தால் நிலையத்தின் பெயர் தெரியும், ஆனால் பேச்சும் பாட்டும் இருப்பது எம்எஸ்சியில்தான், அதற்குத்தான் சுத்தமான சிக்னல் வேண்டும். மூன்றும் நிலையாகப் பச்சையாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். ஏஏசி முறையில் சுருக்கிய ஒலியைப் பிரிக்கும் கோப்பு உங்கள் ட்ரீமில் இல்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். புது நிலையங்கள் எக்ஸ்ஹெச்இ-ஏஏசி என்ற புதிய சுருக்க முறையில் அனுப்பினால் பழைய ட்ரீம் வாயே திறக்காது.

எம்எஸ்சி மட்டும் சிவப்பு, பச்சை என்று மாறிக்கொண்டே இருந்தால் அது இரைச்சல். நம் வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலியைக் கரகர சத்தத்தோடு கேட்டுப் பழகியவர்கள், சிக்னல் பாதி தேய்ந்தாலும் பாட்டு புரியும். டிஆர்எம் அப்படி இல்லை, ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்தமும் போய்விடும், அதனால் இரண்டு மூன்று டெசிபெல் இரைச்சல் குறைந்தாலே நிலைமை தலைகீழாகிவிடும்.

அந்த இரைச்சல் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாவற்றையும்விட மோசம் லேப்டாப்போட சொந்த சார்ஜர். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்கு எல்லோரும் புலம்பட்டும், நீங்கள் லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு சிக்னலையும் இரைச்சலையும் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைப் பாருங்கள். தெருவிலேயே கரண்ட் இல்லாதபோது பின்னணி இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணாலேயே தெரியும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதனையே வீண். கரண்ட் வந்தபின் மெயினைப் போட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். வயரைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்ப்பக்கத் தென்னைக்கு இழுத்து, மின்கம்பிக்குத் தூரமாகக் கட்டுங்கள், இடி மழை நேரத்தில் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள்.

டாங்கிள் பற்றி ஒன்று சொல்லணும். வி3 போன்ற மாடல்களில் சிற்றலைக்கு, ஆன்டெனா சிக்னலை அப்படியே எண்ணாக மாற்றும் நேரடி மாதிரியெடுப்பு என்ற முறைதான், வடிகட்டி பெரிதாகக் கிடையாது, பக்கத்தில் மத்திய அலை நிலையம் இருந்தால் திணறும். மதுரைக்குள்ளே 1269 கிலோஹெர்ட்ஸ் அலையின் கோபுரத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வரலாம், உசிலம்பட்டியில் அவ்வளவாக இருக்காது.

அப்புறம் செட்டிங். டாங்கிளை இயக்கும் ரேடியோ மென்பொருளில் யுஎஸ்பி மோடு (மேல்பக்கப் பட்டை, யுஎஸ்பி போர்ட் இல்லை), அகலம் 10 கிலோஹெர்ட்ஸ், நிலையத்தின் அலையெண்ணுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் கீழே ட்யூன் செய்து ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் வர்ச்சுவல் கேபிள் வழியாக ட்ரீமுக்கு விடுங்கள். இரைச்சல் குறைப்பான் எதையும் போடாதீர்கள், அது டிஜிட்டல் சிக்னலையே தின்றுவிடும். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

முதல் நிலையமாக நியூசிலாந்தைப் பிடிக்கணும் என்று ஆசைப்படாதீர்கள். சீன அரசு வானொலியான சிஎன்ஆர்-1, நம் ஆகாசவாணியின் டிஆர்எம் ஒலிபரப்புகள், இவை கைக்கு வந்தபின் ருமேனியா, குவைத் பக்கம் போகலாம். அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் ஆன்டெனாதான் சரியில்லையா என்ற சந்தேகம் தீர, இணையத்தில் திறந்து கிடக்கும் கிவிஎஸ்டிஆர் ரிசீவர் ஒன்றில் அதே அலையெண்ணைப் போடுங்கள், அதிலேயே டிஆர்எம் பிரிக்கும் வசதி உண்டு. அங்கே வந்து உங்களிடம் வரவில்லையென்றால், மூன்று விளக்கும், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு பலம் என்று காட்டும் எஸ்என்ஆர் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.